முப்பத்தெட்டு டெசிபல்

இந்த மின்விசிறியில் பேரிங் தேய்ந்திருக்கிறது ஐயா. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் ஒரு வாரம் ஓடும், மாற்றிவிட்டால் நிம்மதி. தினமும் இதன் கீழே உட்கார்ந்துதானே வாக்குமூலம் வாங்குகிறீர்கள், இங்கே ஒருவருக்குக்கூடவா இது உறுத்தவில்லை? குறையாகச் சொல்லவில்லை. பதினெட்டு வருஷம் சத்தத்தோடு மல்லுக்கட்டியவன் நான். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் வேலை செய்வது காதுதான்.

என் தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெரிய கடைகள், வணிக வளாகங்கள் கட்டும்போது எங்கே சத்தம் இருக்கலாம், எங்கே இருக்கக்கூடாது என்று கணக்குப் போட்டுக் கொடுப்பவன் நான். இந்த வேலைக்கு அமைதியை விரும்புகிறவர்கள்தான் ஆள் தேடி வருவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சாப்பாட்டுக் கூடத்தின் கூரையை வழவழவென்று விட்டுவிடச் சொல்வார்கள். இரைச்சல் தலைக்கு மேல் மோதினால் சாப்பிட்டவன் பேசிக்கொண்டிருக்காமல் எழுந்துபோவான், அடுத்தவன் உட்காரலாம். நகைக்கடைக்காரர்கள் மட்டும் கனத்த தரைவிரிப்பும் சுவரெல்லாம் பஞ்சுப் பலகையும் கேட்பார்கள். விலையைக் கேட்டவர் விடுகிற பெருமூச்சு பக்கத்து நாற்காலிக்குக் கேட்டுவிடக் கூடாதாம். நான் இரண்டையும் செய்து கொடுத்திருக்கிறேன். யாருக்கும் குறை வைத்ததில்லை.

அக்கா வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வளாகமும் என் வேலைதான். அதன் பின்சுவரும் அக்கா வீட்டுப் பின்சுவரும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டாம் மாடியின் திறந்த தளத்தில், அந்தப் பக்கமாகவே, குளிரூட்டும் இயந்திரங்கள் நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு லாரி கனம். அவற்றுக்கு அடியில் பெரிய சுருள்வில் வைத்தால் அதிர்வு கட்டடத்துக்குள் இறங்காது. வில் வந்துசேர ஏழு வாரம் ஆகும் என்றார்கள். திறப்பு விழாவுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. "ரப்பர் கட்டையை வச்சு ஒப்பேத்த முடியாதா சார்?" என்று கேட்டார் முதலாளி. முடியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். விழாவில் மேடைக்குக் கூப்பிட்டு, ஊரிலேயே மிக அமைதியான வளாகம் என்று ஒரு கேடயம் தந்தார்கள். கனமான கேடயம். வீட்டில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அக்கா பச்சைக் குழந்தைகள் வார்டில் நர்ஸ். வருஷக்கணக்காக இரவு வேலை. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன் என்று அவள் கணவர், என் மாமா, அவ்வப்போது ஞாபகப்படுத்துவார். அக்கா ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. காலையில் வந்து சமைத்து வைத்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குப் படுத்தால் ஐந்து வரைக்கும் தூங்கியாக வேண்டும். வெயில் ஏற ஏற அந்த நான்கு இயந்திரங்களும் முழுமூச்சில் ஓடுவதும் அதே நேரம்தான். வீட்டில் அப்போது வேறு யாரும் இருப்பதில்லை. இதை நான் திட்டம் போட்டுச் செய்ததாக நீங்கள் எழுதினால் அது தவறு. தானாக அமைந்தது.

வளாகம் திறந்த இரண்டாவது வாரம் அக்கா போன் செய்தாள்.

"தம்பி, படுத்தா தலையணைக்குள்ள ஒரு லாரி நின்னுக்கிட்டு உறுமுற மாதிரி இருக்குடா. மாமாகிட்ட சொன்னா சிரிக்கிறாரு. நீதானே இதுக்குன்னே படிச்சவன், ஒரு நடை வந்து பாரேன்."

அடுத்த விடுமுறை நாளில் சத்தம் அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு போனேன். மதியம் இரண்டரை மணி. மாமா கணக்கு வாத்தியார், எதற்கும் எண் கேட்கிறவர். கதவில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். நான் கருவியின் முக்காலியை விரித்து அறையின் நடுவில் நிறுத்தினேன். விதி அப்படி. அடித்தொண்டையில் உறுமுகிற சத்தம் அறையின் நடுவில் மெலிந்துபோகும், சுவரோரம்தான் குவியும். அக்காவின் கட்டில் சுவரோரம் இருந்தது, அது விதியின் குற்றமில்லை. இன்னொன்று, அந்தக் கருவியில் 'ஏ' என்று ஒரு அமைப்பு உண்டு. அதில் வைத்தால் கனமான தாழ்ந்த சத்தங்களைப் பெரும்பாலும் தள்ளுபடி செய்துவிடும். அதில்தான் அளக்க வேண்டும் என்பதும் விதி. நான் விதியை எழுதியவனும் இல்லை, மீறியவனும் இல்லை.

"முப்பத்தெட்டு டெசிபல் மாமா. நாப்பத்தஞ்சு வரைக்கும் இருக்கலாம்."

"பாத்தியா? நான் சொன்னா நம்பமாட்டே. நம்பரே சொல்லுதுல்ல?" என்றார் மாமா.

அக்கா கருவியைப் பார்த்தாள். "அதுக்குக் காது கேக்காதாடா?" என்று கேட்டாள்.

பதினெட்டு வருஷத்தில் என்னிடம் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி அதுதான். எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ நிபுணர்கள் கேட்டிருக்க வேண்டியது. மாமாவும் நானும் சிரித்தோம். அவள் விடாமல், "ஒரு அஞ்சு நிமிஷம் இங்க படுத்துப் பாரேன், எனக்காக" என்றாள். படுத்தேன். எழுந்து, "ஒண்ணும் இல்லக்கா. தூக்கம் கெட்டு உடம்பு சூடாயிருக்கு, அவ்வளவுதான்" என்றேன். அன்றைக்கே பதினான்கு பக்க அறிக்கை தயாரித்து, வண்ண வரைபடங்களோடு கொடுத்தேன். மாமா அதை ஒழுங்காகக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அக்கா கட்டிலை இழுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினாள். சமையலறையில் படுத்தாள், கூடத்தில் படுத்தாள், காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். இந்த மாதிரிச் சத்தத்தைப் பஞ்சு ஒன்றும் செய்யாது, எலும்பு வழியாக வந்துவிடும். அவளிடம் சொல்லவில்லை. இன்னொரு நாள் என்னை அவசரமாக வரச்சொல்லி, பின்சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்திருந்த கண்ணாடி டம்ளரைக் காட்டினாள்.

"பாருடா, யாரும் தொடல. தண்ணி நடுங்குது."

நடுங்கத்தான் செய்தது. ஒன்றுக்குள் ஒன்றாக அழகான வட்டங்கள். ரோட்டில் பஸ் போயிருக்கும் என்றேன். பஸ் இவ்வளவு நேரமாவா போகுது என்றாள். எனக்குத் தாகமாக இருந்தது, எடுத்துக் குடித்துவிட்டேன். அவள் வெறும் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரொம்ப இளைத்துப் போயிருந்தாள்.

வேலையில் தவறு வர எத்தனை நாளாகும்? ஒரு இரவில், குழந்தை இருந்த கண்ணாடிப் பெட்டி உறுமுகிறது என்று சொல்லி, அவளாகவே குழந்தையைத் தூக்கி வேறு பெட்டியில் மாற்றியிருக்கிறாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் தலைமை நர்ஸ் அவளை விடுப்பில் அனுப்பி, மனநல டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. வார்டு வாசலில் உட்கார்ந்து, "எம் மேலேயே எனக்கு நம்பிக்கை போச்சுடா" என்று அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள், நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

டாக்டர் நல்ல மனிதர். வீட்டில் உண்மையிலேயே சத்தம் இருக்கிறதா என்று முதலில் பார்த்தீர்களா என்று கேட்டார். மாமா பெருமையோடு கோப்பை நீட்டினார். டாக்டர் பதினான்கு பக்கத்தையும் படித்தார். படித்து முடித்து என் கையைக் குலுக்கி, எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருந்தால் எங்கள் வேலை சுலபம் என்றார். மனநல ஆஸ்பத்திரியில் சேர்க்கும் படிவத்தில் கணவர் கையெழுத்தும் ரத்த உறவு ஒருவர் கையெழுத்தும் வேண்டும். இரண்டாவது கையெழுத்து என்னுடையது.

அங்கே சேர்த்த மூன்றாம் நாளே சத்தம் நின்றுவிட்டது என்றாள் அக்கா. மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று டாக்டர் எழுதினார். ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த அன்று மதியமே திரும்பக் கேட்டது. மாத்திரையைக் கூட்டி மறுபடி சேர்த்தார்கள், மறுபடியும் மூன்றாம் நாள் நின்றது. இந்த நோய் இப்படித்தான் போய்ப் போய் வரும் என்று டாக்டர் மாமாவுக்கு விளக்கினார். அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இயந்திரம் இருக்குமிடத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி யாரைப் படுக்க வைத்தாலும் குணமாகும் என்பதைச் சொல்ல நான் டாக்டர் இல்லையே.

காரியம் கெட்டுப்போனது மாமாவின் காய்ச்சலால்தான். அக்கா இரண்டாவது தடவை உள்ளே இருந்தபோது, அவர் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அவள் கட்டிலில் மதியம் படுத்திருக்கிறார். மூன்று மணிக்கு எனக்குப் போன் வந்தது. குரலே சரியில்லை.

"மச்சான், எனக்கும் கேக்குது."

"காய்ச்சல்ல அப்படித்தான் இருக்கும் மாமா. வேணும்னா நீங்களும் ஒருதடவை டாக்டரைப் பாத்துடுங்க" என்றேன்.

அவர் டாக்டரைப் பார்க்கவில்லை, வேறொரு ஒலிப் பொறியாளரைக் கூட்டிவந்தார். அந்த ஆள் கருவியைத் தலையணைமேலேயே வைத்து, 'ஏ' அமைப்பை எடுத்துவிட்டு அளந்திருக்கிறார். எழுபத்தொன்று. முப்பத்தெட்டும் சரிதான், எழுபத்தொன்றும் சரிதான். நான் யார் காதிலும் பூச்சுற்றவில்லை. ஆனால் மாமா கணக்கு வாத்தியார் இல்லையா, வித்தியாசத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு நேரே உங்களிடம் வந்துவிட்டார்.

எனக்குத் தெரியுமா, தெரியாதா என்று காலையிலிருந்து மூன்று விதமாகக் கேட்டுவிட்டீர்கள். தெரியும். ரப்பர் கட்டைக்குக் கையெழுத்துப் போடும்போதே தெரியும். அந்தக் கட்டிலில் படுத்த ஐந்து நிமிடமும் கேட்டது. பல்வரிசை வரைக்கும் வந்தது. பக்கத்தில் அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு, நான் ஆமாம் என்று சொல்வதற்காகக் காத்திருந்தாள். வெட்கமாக இருந்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் நான் ஆமாம் என்றால் என்ன ஆகும்? வளாகத்தை நான்கு நாள் மூடி இயந்திரங்களைத் தூக்க வேண்டும். ஏன் என்று கேட்பார்கள். அதே ரப்பர் கட்டையை இன்னும் ஐந்து வளாகங்களில் வைத்திருக்கிறேன், அங்கேயும் தூக்குவார்கள். பதினெட்டு வருஷப் பெயர் ஒரு பக்கம், ஒரு மனுஷியின் மதியத் தூக்கம் ஒரு பக்கம். நியாயமாக யோசித்துத்தான் முடிவெடுத்தேன். ஆமாம், அவளுக்குப் பைத்தியம் என்று ஊரை நம்பவைத்தது நான்தான்.

நேற்று மாமா புது அறிக்கையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். உன் காதில் ஒரு குறையும் இல்லை, சத்தம் நிஜம், உன் தம்பிதான் மறைத்தான் என்று சொல்லி அழுதிருக்கிறார். அக்கா அவர் கையைத் தட்டிக் கொடுத்தாளாம். அவள் சொன்ன பதிலை மாமாவே இங்கே வாசலில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"நீங்க வேற. அதெல்லாம் என் மனசு பண்ற வேலைங்க. தம்பி கருவி வச்சு அளந்து பாத்தான், அங்க ஒண்ணுமே இல்ல. பாவம், அவனைப் போய் எதுவும் சொல்லிடாதீங்க."

இதைவிட என்ன சாட்சி வேண்டும் ஐயா? சத்தம் இல்லை என்று அவளே சொல்கிறாள், டாக்டரும் குணமாகிவிட்டது என்கிறார். இருபத்திரண்டு வருஷம் குழந்தைகளின் மூச்சைக் காதால் எண்ணியவள், இப்போதுதான் அந்தக் காதை நம்பாமல் நிம்மதியாகத் தூங்குகிறாள். அவளிடம் போய்ச் சத்தம் நிஜம் என்று சொல்லி மறுபடியும் நோயாளியாக்கப் பார்ப்பது நீங்கள்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.