தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல நின்ன கிரேன்

மாப்பிள்ளை பாக்குறதைவிட கிரேன் பாக்குறது கஷ்டம், தம்பி. மாப்பிள்ளை சரியில்லைன்னா ஒரு வீடுதான் அழும். முப்பது வருஷமா எந்தக் கட்டடத்துக்கு எந்த கிரேன், அது எங்க நிக்கணும்னு கம்பெனிக்கு நான்தான் சொல்லிட்டிருக்கேன். மாப்பிள்ளை விஷயத்துல மட்டும் ஏமாந்துட்டேன். இந்த சைட்டுக்குப் பெரிய அதிகாரி அவர்தான், என் பொண்ணோட புருஷன்.

பக்கத்துக் கட்டடத்து மொட்டை மாடியில ஒரு தண்ணித் தொட்டி. கிரேனோட கை முழுசா சுத்தினா அதுல இடிக்கும். அதனால கையை மேல தூக்கிக்கிற கிரேன் வேணும்னேன். அது வந்து சேர ரெண்டு மாசம் ஆகும். அவருக்குப் பொறுக்கல. சாதா கிரேனே போதும், கையைத் தொட்டியில படாம முன்னாலேயே நிறுத்தி பிரேக் போட்டுப் பூட்டிடலாம்னார். காத்தடிச்சா கையை அது போக்குல சுத்த விடணும், பூட்டி வச்சா காத்து அறைஞ்சு மொத்தமா சாச்சிடும்னு சொன்னேன்.

"அத்தைக்கு வீட்டுல ஃபேன் சுத்தினாலே பயம்"னார். மீட்டிங்ல இருந்த அத்தனை பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டேன். டிரைவருக்குக் குடுக்கிற சீட்டுல 'காத்தடிச்சா பிரேக்கை விடவும்'ங்கிற வரியை அடிச்சிட்டு, 'பூட்டவும்'னு நானே எழுதினேன். அவர் கேட்டதுதானே.

வியாழக்கிழமை மத்தியானம் காத்து ஏறிச்சு. மேல கேபின்ல இருந்த டிரைவரை ஒல்லின்னுதான் கூப்பிடுவோம். பத்து வருஷமா நான் வைக்கிற கிரேனைத்தான் ஓட்டுறான். வாக்கிடாக்கில மாப்பிள்ளையைக் கூப்பிடல, என்னைத்தான் கூப்பிட்டான்.

"அக்கா, ரொம்ப ஆடுது. பிரேக்கை விட்டுடவா? போனா தொட்டிதான் போகும்."

தொட்டி போனா என்ன ஆகும்? மறுநாளே வேற தொட்டி வச்சிட்டு, பாத்தீங்களா அத்தை, இவ்வளவுதான்னு மறுபடியும் சிரிப்பார்.

"சீட்டுல என்ன போட்டிருக்கு?"

"பூட்டணும்னு."

"அப்ப பூட்டு."

"இறங்கிடட்டுமாக்கா?"

"இந்தக் காத்துல ஏணியில கால் வைக்காத. நான் சொல்ற வரைக்கும் உக்காந்திரு."

"நீங்க சொன்னா சரிக்கா."

அதுக்கப்புறம் நான் ஒண்ணும் சொல்லல. சாயும்னு தெரியும். எத்தனை மணிக்குன்னுதான் தெரியாது. வாக்கிடாக்கியை அணைச்சிட்டு, மாப்பிள்ளை ரூமுக்குப் போய் அவருக்கு எதிர் நாற்காலியில உக்காந்தேன். யார்கூடவோ போன்ல பேசிட்டிருந்தார். இருங்கன்னு விரலைக் காட்டினார். இருந்தேன்.

எனக்கு யார் மேலயும் கோபம் கிடையாது, தம்பி. அதையும் எழுதிக்கோங்க. அந்தச் சத்தம் கேட்டதும் எல்லாரும் ஜன்னலுக்கு ஓடினாங்க. நான் திரும்பிக்கூடப் பாக்கல. மாப்பிள்ளை மூஞ்சியையே பாத்துட்டிருந்தேன்.