பேட்டைச் சந்தையில் ஒன்பது இல்லாமல் போன கதை

நடுவாற்றுப்பேட்டை, நடுவாற்றுப்பேட்டை என்று ஓர் ஊர். ஆறு இரண்டாகப் பிரிந்து மறுபடியும் ஒன்று சேரும். அந்த நடுத்திட்டில்தான் ஊர். பாலம் கட்டாத காலம். சந்தைக்கு வருகிறவர்கள் ஓடத்தில் வந்து, ஓடத்தில் போவார்கள். என் தாத்தா மாசிலாமணி சொல்லி என் அப்பா கேட்டார். அப்பா சொல்லி நான் கேட்டேன். நான் எதையும் கூட்டவில்லை. கேளுங்கள்.

அந்த ஊர்ச் சந்தையில் பஞ்சாயத்து ஆபீஸ்காரர்கள் வரிசையாகப் பன்னிரண்டு கடை கட்டினார்களாம். ஓட்டுக் கூரை, செங்கல் சுவர். ஒவ்வொரு கடை நெற்றியிலும் நீலப் பெயிண்டில் நம்பர் எழுதினார்கள். கடை எடுக்க விருப்பம் உள்ளவர்கள் வாருங்கள் என்று தண்டோரா போட்டார்கள். பத்துக் கடை மளமளவென்று போய்விட்டது. இரண்டு கடை நின்றுவிட்டது. எட்டாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும்.

எட்டு ஏன் நின்றது? எட்டு என்றால் சனி. கஷ்டம். ஒன்பது ஏன் நின்றது? ஒன்பது என்றால் கஷ்டம்கூட இல்லை, கேலி. ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்கிறவர்களை இப்போது திருநங்கை என்று மரியாதையாகச் சொல்கிறோம். அன்றைக்கு அந்தச் சொல் இல்லை. ஒன்பது என்றுதான் சொல்வார்கள், சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். ஒன்பதாம் நம்பர் கடை எடுத்தால், "எங்கேப்பா உன் கடை?" என்று கேட்கிறவனுக்கு என்ன பதில் சொல்வது? அதற்குப் பயந்து ஒருவரும் எடுக்கவில்லை.

எட்டை என் தாத்தா எடுத்தார். தேங்காய்க் கடை. "சனி என் வீட்டுக்கு வந்து ரொம்ப நாளாச்சு, கடைக்கு வந்தா வரட்டும்" என்றாராம்.

ஒன்பதைக் கேட்டு ஒருவர் வந்தார். அவர் பேர் செங்கமலம். ஊர் எந்தச் சொல்லால் கேலி செய்ததோ, அந்தச் சொல்லுக்கு உரியவர். ஊர் ஊராகக் கைதட்டிக் காசு கேட்டுக் கொண்டிருந்தவர். ஆபீஸ் குமாஸ்தா துரைக்கண்ணு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன நம்பர்னு தெரிஞ்சுதான் கேக்கறியா?"

"தெரியும் சாமி. அது புதுசாவா என்மேல ஒட்டப் போவுது? பொறந்ததிலேருந்து கூடத்தான் இருக்கு. இப்பவாச்சும் அது எனக்குச் சோறு போடட்டும்."

குமாஸ்தாவே சிரித்துவிட்டாராம். ரசீது போட்டுக் கொடுத்தார்.

செங்கமலம் எலுமிச்சம்பழம் விற்றார். ஈரச் சாக்கை விரித்து, பழத்தைத் துடைத்துத் துடைத்து அடுக்குவார். ஒரு பழம் அழுகியிருக்காது. அம்மன் கோயிலுக்கு மாலை கட்டுகிறவர்கள் அவரிடம்தான் வாங்கினார்கள். மேலத்தெருவில் ஒரு அறை பிடித்து, படுத்த படுக்கையாயிருந்த தாயாரைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். "இங்கே உக்காந்தா யாருகிட்டயும் கை நீட்ட வேண்டியதில்லை தம்பி. அதுக்காகத்தான் இந்தக் கடை" என்று என் தாத்தாவிடம் சொல்வாராம். தாத்தா அவரை அக்கா என்று கூப்பிடுவார்.

கேலி நின்றதா? நிற்கவில்லை. ஓடத்துறை விடலைகள் வந்து நிற்பார்கள்.

"ஏம்பா, மணி என்ன?"

"எட்டேமுக்கால்டா."

"அப்ப இன்னும் கால் மணியில அந்தக் கடை வந்துடும்."

செங்கமலம் தலை தூக்காமல் சொல்வார்: "ஒம்பதாவது மாசத்தை எண்ணாமயா உங்கம்மா உன்னைப் பெத்தா ராசா? போய்க் கேட்டுட்டு வா."

இன்னொருவன் வருவான். அவனுக்கு வேறு பதில்: "கோயில்ல ஒம்பதைச் சுத்திச் சுத்திக் கும்புடுறே. கடையில ஒம்பதைக் கண்டா பல்லைக் காட்டுறே. கிரகம் உன்னை எப்படிப்பா நம்பும்?"

சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். விடலை போய்விடுவான். ஆனால் கடை மூடியபிறகு செங்கமலம் சாக்கை மடித்துக்கொண்டு, "நாக்கு வலிக்குது தம்பி" என்பாராம். தினமும் ஒரு பதில், தினமும் ஒரு பதில். தாத்தாவுக்கு அது தாங்கவில்லை.

இப்படி இருக்கிற நாளில் பத்தாம் நம்பர் பாத்திரக் கடைக்காரர் வைரவன் வந்தார். அவர்தான் சந்தைக் கடைக்காரர் சங்கத் தலைவர்.

"மாசிலாமணி, எனக்கு யாவாரம் கெடுதுய்யா. கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்கற பொம்பளைங்க, கடை எங்கேன்னு கேட்டா, ஒம்பதுக்கு அடுத்த கடைன்னு சொல்லக் கூச்சப்படுறாங்க. அந்த நம்பரே வேணாம்னு ஒரு மனு எழுதிக் கொடுத்துடுவோம். உனக்குத்தான் கையெழுத்து நல்லாருக்கும்."

தாத்தா யோசித்தார். வைரவனுக்கு வியாபாரம். தனக்கோ அக்காவின் மானம். எப்படியானாலும் நம்பர் போனால் நல்லதுதானே? நம்பர் இல்லாவிட்டால் எந்த விடலை மணி கேட்பான்? செங்கமலத்திடம் போய்க் கேட்டார்.

"அக்கா, உங்க கடைக்கு எட்டு அ-ன்னு போடச் சொல்லட்டுமா?"

"எழுதத் தெரிஞ்சவன் நீ. நல்லதுன்னா செய்யி."

தாத்தா உட்கார்ந்து எழுதினார். பாருங்கள், இங்கேதான் கதை. சந்தையில் ஒன்பது என்ற எண்ணை "மாற்றி" உதவ வேண்டும் என்று எழுதியிருந்தால் கடை இருந்திருக்கும். "நீக்கி" உதவ வேண்டும் என்று எழுதிவிட்டார். வாயால் சொன்ன எட்டு அ காகிதத்தில் ஏறவில்லை. பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். செங்கமலமும் கைநாட்டு வைத்தார். பன்னிரண்டு கடையும் ஒரே மனதாகக் கேட்கிறது என்று ஆபீஸில் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு மாதத்தில் பெயிண்டர் வந்தான். ஏணி போட்டு ஏறினான். ஒன்பதைச் சுண்ணாம்பு வைத்து அழித்தான், இறங்கினான், போய்விட்டான். எட்டு அ எழுதவில்லை. "மறந்துட்டான் போல, வருவான்" என்றார் தாத்தா. அவன் வரவில்லை. ஆனால் கேலி நின்றது. செங்கமலம்கூட, "நெத்தியில ஒண்ணும் இல்லாம காத்தோட்டமா இருக்கு தம்பி" என்று சொன்னாராம்.

பங்குனி வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை ரசீதைப் புதுப்பிக்க வேண்டும். எல்லாரும் போனார்கள். செங்கமலமும் பழைய ரசீதை எடுத்துக்கொண்டு போனார். துரைக்கண்ணு புத்தகத்தைப் புரட்டினார்.

"ஏழு இருக்கு. எட்டு இருக்கு. பத்து இருக்கு. ஒம்பது இல்லையேம்மா."

"என் கடை சாமி. எலுமிச்சம்பழக் கடை."

"கடை எங்க இருக்கு? உங்க சங்கமே எழுதிக் கொடுத்து, தீர்மானம் போட்டு, நீக்கியாச்சு. நீயும்தான் கைநாட்டு வச்சிருக்கே. இல்லாத கடைக்கு நான் எப்படி ரசீது போடுவேன்?"

செங்கமலம் பழைய ரசீதை மடித்துக்கொண்டார். அவரிடம் பதில் இல்லாமல் போனது அன்றைக்குத்தான் என்பார்கள். வந்து தாத்தாவைக் கூட்டிப் போனார்.

தாத்தா சொன்னார்: "ஐயா, நம்பரைத்தான் வேணாம்னோம். கடையை வேணாம்னு சொல்லலே."

"எனக்குத் தெரியுதுய்யா. காகிதத்துக்குத் தெரியலையே." துரைக்கண்ணு கெட்டவர் இல்லை. அவரும் நாலு நாள் மேலே கேட்டுப் பார்த்தார். ஐந்தாம் நாள் ஒரு வழி சொன்னார். "எட்டு அ-ன்னா எட்டோட பாதின்னு அர்த்தம். உன் எட்டை ரத்துப் பண்ணி, எட்டு, எட்டு அ-ன்னு ரெண்டாப் போடலாம். ஆனா ரத்தான கடை ஏலத்துக்கு வரும். எவன் கூடக் கேக்கறானோ அவனுக்கு. உனக்கே வரும்னு நான் சொல்ல முடியாது. கையெழுத்துப் போடறியா?"

பேனா மேசைமேல் இருந்தது. தாத்தா வீட்டில் அன்றைக்கு ஐந்து பிள்ளைகள். கடைசிப் பிள்ளை என் அப்பா, கைக்குழந்தை. தாத்தா பேனாவை எடுத்தார். எடுத்தார், எழுதவில்லை. மைக்கூட்டில் தொட்டார், எழுதவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று அவருக்கே தெரியாதாம்.

செங்கமலம் அந்தக் கையைப் பார்த்தார். பேனாவை வாங்கி மேசைமேல் வைத்தார்.

"வுடு தம்பி. ஒரு கடை போனது போதும்."

"என்னாலதான் அக்கா."

"நீ கெடுக்கணும்னு எழுதலே. அதான் உன்னைத் திட்டக்கூட முடியலே."

அன்று சாயங்காலம் கடையைக் காலி செய்தார். பழத்தை ஓடத்துறையில் கூறு கட்டி விற்றுப் பார்த்தார். கடை இல்லாதவர் ஓடத்துறையில் விற்கக் கூடாது என்று அங்கேயும் எழுப்பிவிட்டார்கள். பத்து நாள் பொறுத்தார். பிறகு தாயாரை மாட்டுவண்டியில் படுக்க வைத்து, வண்டியோடு ஓடத்தில் ஏற்றி அக்கரைக்குப் போனார். தாத்தா துறைவரை போனாராம். அக்கரையில் வண்டி கரையேறும்போது செங்கமலம் கைதட்டுகிற சத்தம் ஒரு தடவை கேட்டது என்பார்கள். மாட்டை விரட்டத் தட்டினாரோ, பழைய பிழைப்பைத்தான் தொடங்கினாரோ, யாருக்கும் தெரியாது. பிறகு அவரைப் பார்த்தவர்கள் இல்லை.

மறுநாள் கோயில் ஆள் தேங்காய் வாங்க வந்தார். தாத்தா எண்ணிப் போட்டார். ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். லாபம், ரெண்டு, மூணு என்று எட்டு வரைக்கும் வந்தார். அதற்கு மேல் நாக்கு எழவில்லை. காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "செங்கமலம்" என்று சொல்லிப் போட்டார். அடுத்த காயை எடுத்து, "பத்து" என்றார்.

சாகும்வரை தாத்தா அப்படித்தான் எண்ணினார். அதைக் கேட்டுக் கேட்டு ஏழாம் நம்பர்காரரும் ஒன்பதுக்குச் செங்கமலம் என்றே சொன்னார். வெற்றிலைக்காரர் சொன்னார். சிலர் மனசு உறுத்திச் சொன்னார்கள், சிலர் வேடிக்கைக்குச் சொன்னார்கள். வைரவன்கூடக் கிண்ணம் எண்ணும்போது சொல்ல ஆரம்பித்தார். ஒன்பது என்ற அசிங்கம் வாயில் வராமல் தப்பித்தோம் என்று அவருக்கு அதில் ஒரு நிம்மதி.

இன்றைக்கும் பேட்டைச் சந்தையில் ஒன்பது கிடையாது. கடை வரிசையில் எட்டு இருக்கும், பத்து இருக்கும். நடுவில் ஒரு வெற்று நெற்றி. உள்ளே காலிச் சாக்குப் போட்டிருக்கிறார்கள். எண்ணும்போதும் அப்படித்தான். ஏழு, எட்டு, செங்கமலம், பத்து. பதினெட்டு, செங்கமலம், இருபது. புதுக் கடைக்காரப் பிள்ளைகளைக் கேட்டால், அது ஏதோ அம்மன் பேர், சொன்னால் ராசி என்கிறார்கள். நான் எத்தனை பேருக்குத் திருத்திச் சொல்வது?

அந்தப் பக்கம் போனால் பத்து எலுமிச்சம்பழம் வாங்குங்கள். அவர்கள் எண்ணும்போது ஒன்பதாவது பழத்துக்கு அவர் பேர் வரும். சிரிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.