மடியில் வைக்கத் தராத பை

எங்கள் மாத்தளை பஸ்ஸில் நிற்பவரின் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது வழக்கம். பலாபத்வலயில் ஏறிய, தொப்பி போட்ட பெரியவர் மட்டும் தர மறுத்தார்.

“வேணாம்மா. இதுக்குள்ள உயிரோட இருக்கு.”

என் பக்கத்து சீட்டுப் பெண் நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் மடியில் ஒரு தோடம்பழக் கன்று, ஆரஞ்சுக் கன்று, இருந்தது.

“என்ன நானா அது?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

“தோடங் கொழுந்துல புடிச்ச பேன். கறுப்பா அப்பிக்கிட்டு இருக்கு. விவசாய ஆபீசுக்குக் கொண்டு போறேன்.”

“மருந்தடிச்சாப் போகாதா?”

“ரெண்டு சாதி இருக்காம். ஒண்ணு சாற உறிஞ்சிட்டுப் போயிரும். மத்தது மரத்துக்கு மரம் நோயக் கொண்டு போகும். அதுன்னா மரத்தையே வெட்டணும். பேனோட றெக்க நரம்பப் பாத்தாத்தான் எதுன்னு தெரியுமாம். போன தடவ போத்தல்ல போட்டு நசுங்கிப் போச்சு.”

பெண் கன்றை ஜன்னல் பக்கம் நகர்த்தினார்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க நானா. இது மகளுக்குக் கொண்டு போற நல்ல ஒட்டுக் கன்னு. நேத்துத்தான் பலாபத்வலயில வாங்கினேன், பள்ளிவாசலுக்குப் பின்னால ஒரு வீட்டுல.”

“பச்ச கேட் போட்ட வீடா?”

“ஆமா. ஒரு தம்பி வித்தாரு.”

பெரியவர் பையைப் பார்த்தார்.

“அது என் மகன். ஒட்டு இந்தப் பேன் புடிச்ச மரத்துல இருந்துதான் எடுத்தான்.”

பெண் கன்றின் இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு பெரியவர் கையை நீட்டினார்.

“கன்னக் குடுங்கம்மா. இதையும் ஆபீசுல காட்டணும். நான் வெச்சுக்கிறேன்.”