சித்தப்பா ஊரில் இல்லை

என் மேசையின் ஒரு கால் கொஞ்சம் குட்டை. இந்தச் சலவைக்கூடத்துக்கு நான் மேற்பார்வையாளனாக வந்த நாளிலிருந்து அது ஆடிக்கொண்டேதான் இருந்தது. தேநீர் வைத்தால் சிந்தும், கையெழுத்துப் போட்டால் கோணும். போன மாதம்தான் ஒரு காகிதத்தை நான்காக மடித்துக் காலுக்கு அடியில் வைத்தேன். அதற்குப் பிறகு ஆடவில்லை. நீங்கள் தாராளமாக அதன்மேல் வைத்து எழுதிக்கொள்ளலாம்.

துணி பிழியும் இயந்திரத்தைப் பற்றித்தானே கேட்டீர்கள். சொல்கிறேன். எங்களிடம் வருவது ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள். துவைத்து அதில் போட்டால் வேகமாகச் சுற்றும், கொஞ்சம் நிற்கும், மறுபடி சுற்றும். நிற்கிற நேரத்தில் மூடியைத் திறந்து, முறுக்கிக்கொண்டு கிடக்கும் விரிப்புகளை நீவிவிட வேண்டும். மூடி திறந்திருந்தால் இயந்திரம் ஓடாது. அதற்கென்று ஓரத்தில் ஒரு சுவிட்ச் உண்டு. ஆனால் ஒருமுறை திறந்தால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும், பன்னிரண்டு நிமிடம் வீண். அதனால் அந்தச் சுவிட்சை ஒரு துணிக் கிளிப்பால் கவ்விவிடுவோம். மூடி சாத்தியிருப்பதாக நினைத்துக்கொண்டு இயந்திரம் அதன்பாட்டுக்கு ஓடும். பத்து எண்ணுவதற்குள் கையை எடுத்துவிட்டால் ஒன்றும் ஆகாது.

இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர்கள். அந்தக் கிளிப்புக்குச் சித்தப்பா என்று பெயர். பாதுகாப்பு அதிகாரி வருகிற புதன்கிழமைகளில் "சித்தப்பா ஊர்ல இல்ல" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வரும். யாராவது கிளிப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். ஒருமுறை அதிகாரியே சிரித்துக்கொண்டு, "என்ன, உங்க சித்தப்பா சௌக்கியமா?" என்று கேட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நாங்கள் அந்தச் சிரமம்கூடப் படவில்லை. பூசணிக்காய் தட்டிலேயே இருந்தது, எல்லோரும் அதைச் சுற்றிச் சாப்பிட்டோம்.

என் மனைவியின் தங்கையை இங்கே வேலைக்குச் சேர்த்தது நான்தான். புருஷன் விட்டுப் போய்விட்டான், பாவம். விரிப்பு மடிக்கிற மேசையில் வைத்தேன். நல்ல வேலைக்காரி, வாய்தான் சும்மா இருக்காது. ஒருநாள் எல்லோர் முன்னாலும், "அத்தான், அந்தக் கிளிப்ப எடுத்துடுங்க. என்னிக்காவது ஒரு உயிரு போயிடும்" என்றாள். "நீ மடிக்கிற வேலையப் பாரு" என்றேன். சுற்றி நின்றவர்கள் கேட்காதது மாதிரி இருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வழி காட்டியவனையே சபையில் நிற்க வைக்கிறாளே என்று.

அடுத்த வாரம் அவளை அந்த இயந்திரத்துக்கு மாற்றினேன். பேசுகிறவளே நின்று பார்க்கட்டும் என்று நினைத்தேன். அவள் தினமும் காலையில் முதல் காரியமாகக் கிளிப்பைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். நான் தினமும் சாயங்காலம் புதிது மாட்டினேன். இரண்டு முறை விரிப்புகள் தாமதமாகப் போயின. வேறு இடம் பார்க்கிறோம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லிவிட்டார்கள். நாற்பது பேரின் பிழைப்பு. யாரும் அவளைத் திட்டவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். அந்த வாரப் புதன்கிழமை பாதுகாப்பு அதிகாரியிடம் அவளே நேரில் பேசப்போவதாகவும் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அவள் தண்ணீர் குடிக்கப் போனாள். நான் போய் ஒரு கிளிப்பை மாட்டினேன். ஒளித்துச் செய்யவில்லை, ஏழு பேர் பார்த்தார்கள். இஸ்திரி போடுகிற அம்மாவை நாங்கள் ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். பக்கத்து வீட்டில் பால் பொங்கினால்கூட நாலு தெருவுக்குச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு குனிந்து ஒரு தலையணை உறையைத் தேய்த்தாள். அது ஏற்கெனவே தேய்த்து வைத்த உறை.

கொழுந்தியாள் திரும்பி வந்தாள். இயந்திரம் நின்றதும் மூடியைத் திறந்து தோள்வரை கையை விட்டாள். காலையிலேயே கிளிப்பைக் கழற்றியாயிற்று என்பதால் அவள் எண்ணுவதில்லை. நான் எண்ணினேன். ஏழில் கூப்பிட்டிருக்கலாம். எட்டிலும் நேரம் இருந்தது. கொஞ்சம் பயமுறுத்தத்தான் நினைத்தேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். அது பொய். பத்துவரை எண்ணினேன். அதற்குப் பிறகு நடந்தது, அவள் உயிர் போன நேரம் எல்லாம் உங்கள் விசாரணை அறிக்கையிலேயே இருக்கிறது.

"கிளிப்ப அவங்களேதான் மாட்டினாங்க" என்று ஏழு பேரும் சொன்னார்கள். நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் மனைவி தங்கையின் பையைத் திறந்து பார்த்தாள். உள்ளே பதினோரு கிளிப்புகள் இருந்தன. அவற்றை எடுத்து எங்கள் கொடியில் மாட்டிவிட்டாள். இப்போது என் சட்டைகள் அவற்றில்தான் காய்கின்றன. இன்று காலை பக்கத்து இயந்திரத்திலும் சித்தப்பா இருந்தார். நீங்கள் அதைத் தாண்டித்தான் இந்த அறைக்கு வந்தீர்கள்.

எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. நாற்பது பேர் இருக்கிற இடம். ஒருவர், ஒரே ஒருவர் வாயைத் திறந்து இது தப்பு என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன். நல்லது சொன்னால் கேட்காதவன் இல்லை நான். யாருமே சொல்லவில்லை.

மேசைக்கு அடியில் இருக்கிற காகிதமா? அது அவள் எழுதிக் கொடுத்தது. "அத்தான், வாயால சொன்னா கோவப்படுறீங்க, அதான் எழுதுறேன்" என்று ஆரம்பிக்கும். படித்துவிட்டு அதே மடிப்பில் திரும்ப வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மேசை ஆடும்.