மேட்டுக்கு இருட்டு, பள்ளத்துக்கு வெளிச்சம்

மேக்கப் போட்டுக்கொள்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கழுத்தை மறந்துவிடுகிறார்கள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம் என்று நிற்பார்கள். வெளியே ஸ்டேஷன் பெஞ்சில் புகார் கொடுக்க உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு பெண்ணும் அப்படித்தான். நான் அந்தத் தப்பைச் செய்ததே இல்லை. அக்காவுக்குக் கழுத்தெலும்பு வரைக்கும் போட்டுவிடுவேன்.

நீங்கள் கேட்டதால் முதலிலிருந்தே சொல்கிறேன், மேடம்.

எனக்கு அப்பாவின் மூக்கு. மிச்சமிருந்த நல்லதெல்லாம் அக்காவுக்கு. சின்ன வயதில் வீட்டுக்கு வருகிறவர்கள், "அந்த அழகான பொண்ணோட தங்கச்சியா நீ?" என்று என்னைக் கேட்பார்கள். அதற்கெல்லாம் நான் கோபப்பட்டதில்லை. செல்போனில் ஒரு பெண் மேக்கப் சொல்லித் தருவாள். அவளைப் பார்த்துப் பார்த்து என் மூக்கை நானே சின்னதாக்கிக்கொண்டேன். இரண்டு பக்கமும் பழுப்பு, நடுத்தண்டில் வெளுப்பாக ஒரு கோடு. இருட்டு வைத்த இடம் உள்ளே போகும், வெளிச்சம் வைத்த இடம் முன்னால் வரும். விஷயம் அவ்வளவுதான்.

அக்காவுக்குப் பக்கவாதம் வந்தபோது நானே மூட்டையைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். எனக்கும் வேறு போக்கிடம் இல்லை. அவளுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அத்தான் எப்போதோ காலமாகிவிட்டார். ஒரே மகள், வெளிநாட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வருவாள்.

சாப்பாட்டை மசித்துத்தான் ஊட்ட வேண்டும். ஒரு கரண்டி கொடுத்தால் அது உள்ளே இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் புரையேறும். எனக்கு அலுத்துப்போனது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, யாருக்கும் அலுத்துப்போகும். மூன்று வேளை இரண்டானது, இரண்டு ஒன்றானது, பிறகு அதையும் பாலில் முடித்தேன். அவள் வாயை மூடியிருந்தால் போதும் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். திறந்திருந்தால் கொட்டாவி விடுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு மகள் கேட்டாள். "சித்தி, அம்மா ரொம்ப இளைச்சுட்ட மாதிரி தெரியுதே. உங்களால முடியலைன்னா சொல்லிடுங்க. நான் லீவு போட்டு வந்து அம்மாவை இங்க கூட்டிட்டு வந்துடறேன்."

"லைட்டு சரியில்லம்மா. அதான் அப்படித் தெரியுது," என்றேன்.

அவள் வந்தால் அக்கா பிழைத்துக்கொள்வாள். நான் தெருவில் நிற்பேன். இரண்டுமே எனக்கு அன்றைக்கே தெரியும்.

அடுத்த ஞாயிறு அக்காவை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். செல்போன் பெண் சொல்வதை அப்படியே தலைகீழாகச் செய்தேன். அந்தப் பெண் கன்ன எலும்பில் வெளிச்சம் வைப்பாள். நான் அக்காவின் துருத்திக்கொண்டிருந்த எலும்பில் பழுப்பைத் தடவி அமுக்கினேன். அவள் எலும்புக்குக் கீழே இருட்டு வைப்பாள். நான் அந்தக் குழியில் வெளுப்பான கிரீமை வைத்து, ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி, கரை தெரியாமல் பரப்பினேன். நெற்றியோரப் பள்ளம், கண்ணுக்குக் கீழே, கழுத்துக்குழி, எதையும் விடவில்லை. கிரீமை முதலில் என் புறங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொள்வேன். சில்லென்று பட்டால் அக்காவுக்குப் பிடிக்காது.

"அம்மா எவ்வளவு தேறிட்டாங்க சித்தி. கன்னத்துலகூட சதை வெச்சிருக்கே. எல்லாம் உங்க கைராசி."

"கொஞ்சம் பவுடர் போட்டுவிட்டேன், வேற ஒண்ணுமில்ல."

சந்தோஷமாக இருந்தது, மேடம். அக்காவுக்குப் பக்கத்தில் நான் இருக்கும்போது ஒருவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு வாராவாரம் பள்ளம் ஆழமாகிக்கொண்டே போனது. நானும் விடவில்லை. ஒரு தடவை, முடித்த பிறகு கண்ணாடியை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் கண்ணாடியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

சற்று முன்னால் நீங்கள் கேட்டீர்களே, "முகத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றேன். "ஒரு வேளை சாப்பாடு ஊட்ட?" என்றீர்கள். அதுவும் அவ்வளவுதான். நீங்கள் ஏன் பேனாவைக் கீழே வைத்தீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

அக்காவின் உயிர் போனது வார நாளில். முகத்தில் ஒன்றும் போட்டிருக்கவில்லை. மகள் விமானம் பிடித்து வந்து, துணியை விலக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, "இது யாரு சித்தி?" என்றாள். அப்புறம்தான் அவள் உங்களுக்குப் போன் செய்தாள். பட்டினி போட்டுக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்க மாட்டேன். கவனிக்காமல் விட்டேன் என்று மட்டும் எழுத வேண்டாம்.

அக்கா யாரிடமும் சொல்ல முயலவே இல்லையா என்று கேட்கிறீர்கள். ஒரு தடவை முயன்றாள். அது கடைசி ஞாயிறு. மகள் பேசிக்கொண்டிருந்தபோது அக்காவின் இடது கை மெல்ல மேலே வந்தது. அதற்கு அவ்வளவு தெம்பு மிச்சமிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கண்ணைப் போனிலிருந்து எடுக்காமல், புறங்கையால் கன்னத்தைத் தேய்த்தாள். திரும்பவும் தேய்த்தாள். விடாமல் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

மகள் சிரித்தாள். "அம்மாவுக்கு வெக்கத்தைப் பாருங்க சித்தி. கலைச்சுடாதம்மா, அழகா இருக்கே."

அதற்கு முந்தின வாரம்தான், வேர்வைக்கும் தண்ணீருக்கும் கலையாத ரகக் கிரீமாகப் பார்த்து வாங்கியிருந்தேன். அக்காவின் கையைப் பிடித்து இறக்கி மடியில் வைத்தேன். புறங்கையைத் திருப்பிப் பார்த்தேன். துளிகூட ஒட்டியிருக்கவில்லை. அவளுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை என்று மனசுக்கு நிம்மதியாக இருந்தது.