கூட்டுப் பயிற்சிக்கு இரண்டு தாள்கள்

வெங்காயம் வதக்குவதில் அவசரப்படக் கூடாது. எங்கள் ஊரான வரிண்டூவில் யாரைக் கேட்டாலும் இந்த விஷயத்தில் என் பெயரைத்தான் சொல்வார்கள். ஆறு ஆண்டுகள், மாதத்தின் முதல் சனிக்கிழமை தவறாமல், இரும்புக் கடை வாசலில் தகர அடுப்பு போட்டு, ரொட்டித் துண்டில் சாஸேஜும் வெங்காயமும் வைத்து விற்றோம். எங்கள் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு ஒரு புது வண்டி வேண்டும் என்று. வெங்காயம் என் பொறுப்பு. சாஸேஜ் நார்ம் குயில்டரின் பொறுப்பு. அவன்தான் படையின் கேப்டன். பாதி கருகியிருக்கும். நெருப்பை அணைக்கத் தெரிந்தவனுக்கு அடுப்பை அணைக்கத் தெரியவில்லையே என்று ஊரே சிரிக்கும். அவனும் சேர்ந்து சிரிப்பான். அப்படிப்பட்ட மனிதன்.

நீங்கள் வெங்காயத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்பது தெரியும் ஐயா. ஆனால் ஆறு ஆண்டு என்பது எவ்வளவு வெங்காயம் என்று தெரிந்தால்தான் மற்றது புரியும்.

என் பெயர் டெஸ்மண்ட் ஃபேரோ. வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். இருபத்துமூன்று ஆண்டுகளாக வரிண்டூ படைக்கு நான்தான் பயிற்சியாளர். சம்பளம் கிடையாது. ஆண்டு விருந்தில் ஒரு சான்றிதழ் தருவார்கள். போன ஆண்டு அதில் என் பெயரை 'டென்னிஸ்' என்று போட்டிருந்தார்கள். அதை அப்படியே மாட்டி வைத்திருக்கிறேன்.

புல்வெளித் தீயில் போகிற வண்டிக்கு ஒரு விதி உண்டு. தொட்டியில் கால் பங்கு தண்ணீர் எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும். அந்தக் கால் பங்கு நெருப்புக்கு அல்ல, வண்டியில் இருப்பவர்களுக்கு. தீ சூழ்ந்துவிட்டால் புல் இல்லாத கட்டாந்தரையில் வண்டியை நிறுத்து, கண்ணாடியை ஏற்று, வண்டிக்குள்ளேயே தரையோடு குனிந்து கம்பளியைப் போர்த்து, பொத்தானை அழுத்து. வண்டியைச் சுற்றியுள்ள குழாய்கள் தண்ணீரைத் திரைபோலப் பீய்ச்சும். தீ மூன்று நிமிடத்தில் கடந்துவிடும். கால் பங்கு ஐந்து நிமிடம் வரும். அவ்வளவுதான் ஆயுள். வீடே எரிந்தாலும் சரி, மாமியார் உள்ளே இருந்தாலும் சரி, கால் பங்கைத் தொடாதே என்பேன். ஒவ்வொரு வகுப்பிலும் அந்த இடத்தில் சிரிப்பார்கள். சிரித்தால் மறக்க மாட்டார்கள் என்பது என் அனுபவம்.

கெர்ரின் படைக்கு வரும்போது இருபத்திரண்டு வயது. தபால் நிலையத்தில் வேலை. அப்போது ஹோஸின் பித்தளை முனையை இரண்டு கையாலும் தூக்கினாலும் தரையை விட்டு எழும்பாது. எட்டு ஆண்டுகள் கற்றுக் கொடுத்தேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் பம்பைப் பிரித்துப் பூட்டுவாள். வண்டி நின்ற நொடியிலிருந்து தண்ணீர்த் திரை விழும்வரை மற்றவர்களுக்கு ஒரு நிமிடம் ஆகும், அவளுக்கு இருபத்தெட்டு நொடி. மகள் மாதிரி என்று சொல்ல மாட்டேன். எனக்கு மகள் இருக்கிறாள், அவளுக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை.

சென்ற ஏப்ரலில் மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நாங்கள் பணம் சேர்த்த புது வண்டி தயார். எந்த ஊர்ப் படையில் முழுப் பயிற்சி முடித்தவர்கள் ஆறு பேர் இருக்கிறார்களோ, அந்த ஊர்க் கொட்டகையில் வண்டி நிற்கும். எங்களிடம் ஆறு பேர் இருந்தார்கள். மே மாதம் கெர்ரின் ஓவன் டேட் என்ற விவசாயியைக் கட்டிக்கொண்டாள். ஓவனுக்குப் பெல்பர்ட் ஃப்ளாட் என்ற பக்கத்து ஊரில் கோதுமை நிலம். பதினான்கு கிலோமீட்டர். கல்யாணமாகி இரண்டு வாரத்தில் பெயரை அந்த ஊர்ப் படைக்கு மாற்றிக்கொண்டாள். நாங்கள் ஐந்து பேர் ஆனோம். அவர்கள் ஆறு பேர் ஆனார்கள்.

கல்யாணத்துக்கு நான் ஒரு நல்ல டீ கெட்டில் வாங்கிக் கொடுத்திருந்தேன்.

வண்டி ஒப்படைக்கும் விழா பெல்பர்ட் ஃப்ளாட்டில் நடந்தது. நாங்களும் போனோம், போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. கெர்ரின் கையில் கேக் தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கோவமா இருக்கீங்களா டெஸ்?"

எனக்கென்ன கோபம் என்றேன்.

"கூப்பிட்டா பத்து நிமிஷத்துல வந்துடப் போறோம். தீ என்ன, ஊர்ப் பேரைப் படிச்சுப் பாத்துட்டா பிடிக்குது?"

நியாயமான பேச்சுத்தான். நான் தலையாட்டினேன். அதற்குள் நார்ம் என் தோளில் கையைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "விடுய்யா டெஸ். வண்டி போனா போவுது, வெங்காயம் நம்மகிட்டதானே இருக்கு" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். கெர்ரினும் சிரித்தாள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக. அவள் சிரித்ததை நான் ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இனி பயிற்சிக்கு வருகிறேன்.

கோடைக்கு முன்னால், நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை, இரண்டு ஊர்ப் படைகளும் சேர்ந்து பயிற்சி செய்வது வழக்கம். திட்டம் போடுவது நான். இடம், மெரிக் என்பவரின் பழைய பண்ணை. ஆள் இல்லாத நிலம், இடுப்பளவு காய்ந்த புல், நடுவில் ஒரு பள்ளம், பக்கத்தில் ஒரு மேடு. பயிற்சியில் உண்மையான நெருப்பு கிடையாது. நெருப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கூம்புகளை வைப்போம். இருபத்துமூன்று ஆண்டுகளாகப் பெரிய பெரிய மனிதர்களைப் பிளாஸ்டிக்கைப் பார்த்து நெருப்பு நெருப்பு என்று கத்த வைத்திருக்கிறேன். யாருக்கும் வெட்கமாக இருந்ததாகத் தெரியவில்லை.

அன்று மட்டும் வண்டிகளின் வயர்லெஸ்ஸைத் தனி அலைவரிசைக்கு மாற்றிவிடுவோம். பொய்க் கூச்சல் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குக் கேட்கக் கூடாது அல்லவா. ஒருமுறை மாற்ற மறந்து, ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் அதை வீட்டு ரேடியோவில் கேட்டுவிட்டு, இரண்டு ஆடுகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊரை விட்டே போய்விட்டார். அதற்குப் பிறகு நான் கொண்டுவந்த ஏற்பாடு இது. உண்மையாக ஏதாவது நடந்தால், பயிற்சியை நடத்துபவர் மேட்டில் இருந்தபடி மாவட்டத்தைக் கூப்பிட்டுச் சொல்வார். பள்ளத்தில் கைபேசி எடுக்காது. ஆக, அந்தப் பள்ளத்தில் இருப்பவர்களுக்கு உலகம் என்றால் அந்த ஒருவர்தான். அன்று அந்த ஒருவர் நான்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தாள் கொடுப்பேன். பயிற்சி முடியும்வரை தாளில் எழுதியதுதான் வேதம். கேள்வி கேட்டால் மதிப்பெண் குறையும்.

முதல் தாள் பெல்பர்ட் ஃப்ளாட் வண்டிக்கு. பண்ணை வாசலில் விரித்து வைத்த தார்ப்பாய்த் தொட்டியில் வண்டித் தண்ணீர் முழுவதையும் இறக்கிவிட்டு, காலி வண்டியோடு பள்ளத்துக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். தண்ணீர் இல்லாத நிலையில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு. வண்டியில் மூன்று பேர். கெர்ரின் பொறுப்பில், ஓவன் ஸ்டியரிங்கில், பின்னால் லினெட் என்று ஒரு புதுப்பெண். கெர்ரின் தாளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"முழுசாவா? கால் பங்கு?"

"பயிற்சிதானேம்மா. கூம்புதானே."

அவள் தாளை இன்னொரு முறை படித்தாள். பிறகு குழாயைத் திறந்துவிட்டாள். கால் பங்கைத் தொடாதே என்று சொல்லிக் கொடுத்ததும் நான், தாளை மீறாதே என்று சொல்லிக் கொடுத்ததும் நான். இரண்டில் அவள் எதைத் தேர்ந்தெடுத்தாள் என்பதைக் குறித்துக்கொண்டேன்.

இரண்டாம் தாள் நார்முக்கு. அவன் எங்கள் பழைய வண்டியில், தொட்டி நிறையத் தண்ணீரோடு, மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றான். அதில் இப்படி எழுதியிருந்தது: பெல்பர்ட் ஃப்ளாட் ஆட்கள் இன்று உங்களை ஏமாற்ற முயல்வார்கள். இது பயிற்சி அல்ல என்பார்கள். புகைக்காகப் பீப்பாயில் டயர் எரிக்கப்படும். நடத்துபவர் சொல்லாமல் வண்டி நகரக் கூடாது. இது கட்டுப்பாட்டுக்கான சோதனை.

நார்ம் படித்துவிட்டு, "ஓ, இன்னிக்கு நாடகமா" என்று மகிழ்ச்சியாகப் போய் உட்கார்ந்தான்.

வடகாற்று அடித்தது. பத்து இருபதுக்கு வடக்கு வேலி ஓரம் புல் பிடித்துக்கொண்டது. முதல் நாள் உங்களிடம் எழுதிக் கொடுத்தபோது இப்படித்தான் எழுதினேன், புல் தானாகப் பிடித்துக்கொண்டது என்று. அது சரியல்ல. புல்லுக்குத் தீ வைக்கிற, எண்ணெய் சொட்டும் பந்தக் குப்பியை என் யூட்டின், அதாவது என் சின்னச் சரக்கு வண்டியின், பின்பக்கத்திலிருந்து நீங்கள் கண்டெடுத்துவிட்டீர்கள். நான்தான். வேலியோரமாக நடந்தேன், எண்பது அடி இருக்கலாம். பிறகு மேட்டுக்கு வந்து, யூட்டில் உட்கார்ந்து, மதிப்பெண் தாளை மடியில் வைத்துக்கொண்டேன்.

என் எண்ணம் கெட்டது அல்ல. பெல்பர்ட் ஃப்ளாட் திணறும், வரிண்டூவைக் கூப்பிடும், நான் நார்மை அனுப்புவேன், பழைய வண்டி வந்து புது வண்டியைக் காப்பாற்றும். புது வண்டி எந்த ஊரில் நிற்க வேண்டும் என்று மாவட்டத்துக்குத் தானாகவே புரியும், நான் ஒரு வார்த்தைகூட எழுத வேண்டியிருக்காது. அவ்வளவுதான் எதிர்பார்த்தேன்.

பத்து இருபத்தாறுக்கு அவள் குரல் வந்தது. "பயிற்சி அல்ல. இது நிஜ நெருப்பு. வடக்குப் பக்கம்." சுருக்கமாக, தெளிவாக. முழு மதிப்பெண்.

நார்மின் குரல் வந்தது. "பிரமாதம்மா. நடிப்புக்கு ஒரு கப்பு கொடுத்துடலாம்."

"நார்ம், விளையாடாதீங்க. தொட்டி காலி. வெளிய வர்ற வழி போச்சு. உங்க வண்டியக் கொண்டாங்க."

நார்ம் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. அப்புறம் என்னைக் கூப்பிட்டான்.

"டெஸ், அந்தப் பொண்ணு நிஜமாவே பயந்த மாதிரி இருக்கேய்யா. போவட்டுமா?"

"தாளைப் பாரு" என்றேன்.

அவன் தாளைப் பார்த்தான். போகவில்லை. முப்பது ஆண்டுப் பழக்கம், என் சொல்லை அவன் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. இப்போது அவன் யாரோடும் பேசுவதில்லை என்று கேள்விப்படுகிறேன். சாப்பிடுவதும் இல்லையாம். அவன்மேல் தவறில்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அப்போதே ஏன் அனுப்பவில்லை என்று நேற்றும் கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். அவள் நார்மைக் கூப்பிட்டாள். என்னைக் கூப்பிடவில்லை. மேட்டில் நான் இருப்பது அவளுக்குத் தெரியும், என் யூட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் காத்திருந்தேன்.

இதற்கிடையில் அவள் ஒன்றும் தப்பாகச் செய்யவில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும். ஆடுகள் மிதித்து மொட்டையான ஒரு துண்டு நிலத்தைக் கண்டுபிடித்து வண்டியை அங்கே நிறுத்தச் சொன்னாள். கண்ணாடிகள் ஏறின. நின்றதிலிருந்து திரை விழும்வரை இருபத்தாறு நொடி. அவளுடைய பழைய கணக்கைவிட இரண்டு நொடி குறைவு. குழாய்களில் தங்கியிருந்த தண்ணீர் பதினோரு நொடி வந்தது.

தன் கம்பளியையும் எடுத்து லினெட்மேல் போட்டிருக்கிறாள். இது எனக்குப் பிறகுதான் தெரியும், ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் கொடுத்த வாக்குமூலத்தை நீங்கள் படித்துக் காட்டியபோது. அவரவர் கம்பளி அவரவருக்கு என்பதுதான் விதி. அதற்கு அரை மதிப்பெண் குறைத்திருப்பேன். லினெட்டின் சட்டைப் பையில் முதல் தாள் ஓரம் கருகாமல் கிடைத்தது அந்த இரண்டு கம்பளியால்தான். இரண்டாம் தாளை நார்மே உங்களிடம் கொடுத்துவிட்டான். இரண்டையும் பயிற்சிக்கு மூன்று நாள் முன்பு, புதன்கிழமை மாலை பள்ளி அலுவலகக் கணினியில் தட்டினேன். ஆமாம், புதன்கிழமை. இல்லை, அப்போது எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

பத்து முப்பத்து மூன்றுக்கு அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"டெஸ், இருக்கீங்களா? தண்ணி அனுப்புங்க. டெஸ்."

படை மாறிய பிறகு அவள் என்னிடம் உதவி கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த நேரத்தில் நார்மை அனுப்பியிருந்தால் அவன் வந்து சேர ஐந்து நிமிடம், நெருப்புக்கு ஒரு நிமிடம். ஆகவே அனுப்பவில்லை. மாவட்டத்தையும் கூப்பிடவில்லை. பயிற்சி நேரம் பத்து நாற்பத்தைந்து வரை என்று போட்டிருந்தது, அதற்குப் பிறகு கூப்பிட்டேன்.

ஆனால் கூப்பிட்டும் பதில் சொல்லாத ஆள் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. உடனே எடுத்தேன். "இங்கதான் இருக்கேன் கெர்ரின். எல்லாம் சரியாத்தான் செய்யுற" என்றேன். இரைச்சல் மிகுந்துபோய்க் கேட்காமலாகும்வரை பேசிக்கொண்டே இருந்தேன்.

பெல்பர்ட் ஃப்ளாட் வண்டி நின்ற நிலத்தில் நெருப்பு வைத்ததும், அந்த வண்டியின் தண்ணீரை இறக்க வைத்ததும், உதவியை நிறுத்தி வைத்ததும் நான்தான். இறந்தவர்கள் கெர்ரின் டேட், ஓவன் டேட், இரண்டு பேர். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். வாக்குமூலத்தில் கைவிட்டேன் என்கிற அந்த ஒரு சொல்லை மட்டும் நீங்கள் அடித்துவிட வேண்டும் ஐயா. எட்டு ஆண்டில் அந்தப் பெண்ணை நான் ஒருநாளும் விட்டுப் போனதில்லை. போனது அவள்.