மனைவியின் மனுவைப் படித்த ஆட்சித் தலைவர்

விழாத் தலைமையேற்றிருக்கும் ஊர்த்தலைவி ஃபியோரென்சா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்த ஆட்டக்காரர்களே, வியாழன் தவறாமல் வீட்டு வேலையைக் கணவன் தலையில் கட்டிவிட்டு இந்தத் திடலுக்கு உருட்டுப்பந்து ஆட வந்துவிடும் தாய்மார்களே, தொத்திறைச்சி வாசத்தில் மனத்தைப் பறிகொடுத்து உடம்பை மட்டும் இங்கே உட்கார வைத்திருக்கும் இளைஞர்களே, உங்கள் மாடுகளையும் நாய்களையும் அறிந்த கால்நடை மருத்துவர் நொரீனாவின் கனிந்த வணக்கம்.

சான் மரினோவைக் காத்தது எது? மலையா? மதிலா? மூன்று கோபுரங்கள் முறைத்துப் பார்த்ததால் மன்னர்கள் ஓடிவிட்டார்களா? இந்த நாட்டை நிறுவிய கல்தச்சர் மரினோ காலம் தொட்டு நம்மைச் சுற்றிப் பேரரசுகள் எழுந்தன, பெருமை பேசின, பெயரிழந்து போயின. நாம் இருக்கிறோம். எதனால் இருக்கிறோம்?

ரொட்டியாலன்னு கத்துறது யாரு, ரொட்டிக்கடை குவால்தியெரோவா? உங்க ரொட்டியத் தின்னும் பொழச்சிருக்கோமே, அது வேற அதிசயம். உட்காருங்க.

விடையை நான் சென்ற குளிர்காலத்தில் கண்ணால் கண்டேன். அக்டோபரில் நம் நாட்டுப் பேரவை தன் உறுப்பினர்களில் இருவரை நாட்டின் ஆட்சித் தலைவர்களாக்கியது. ஒருவர் பேருந்து ஓட்டுநர் அமெதேயோ. மற்றவள் நான். ஆறு மாதம், இரண்டு பேர், ஒரே அதிகாரம். பதவியை மறுக்க முடியுமா? முடியாது. மறுக்கத்தான் அமெதேயோ துடித்தார். ஏனென்றால் இந்தத் திடலை வண்டி நிறுத்துமிடமாக்க வேண்டும் என்று பேரவையில் வரிந்துகட்டி வாதாடியவரே அவர்தான். தலைவர் நாற்காலியில் அமர்ந்தவர் வாதாடவும் கூடாது, வாக்களிக்கவும் கூடாது.

பதவியேற்ற பின் வந்த முதல் ஞாயிறு. குடிமக்கள் எங்கள் கையில் நேரடியாக மனு கொடுக்கும் நாள். வரிசையில் பார்க்கிறேன், எர்சிலியா நிற்கிறார். அமெதேயோவின் மனைவி. திடலைக் காக்கச் சொல்லும் மனு.

“எக்சலன்சி,” என்று பதவிக்குரிய மரியாதையோடு கணவரை வணங்கினார்.

அமெதேயோ குரலைத் தாழ்த்தி, “காலையில காப்பி குடிக்கிறப்பக்கூட ஒரு வார்த்தை சொல்லலையே நீ?” என்றார்.

“அங்க சொன்னா நீங்க பதில் பேசுவீங்க. இங்க பேச முடியாதுல்ல? வாங்கிக்குங்க.”

சிரிக்கிறீர்கள். நானும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் நின்றேன்.

மனு பேரவைக்கு வந்த நாளன்று சிரிப்பு வரவில்லை. படிக்க வேண்டிய அலுவலருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆட்சித் தலைவர்களில் ஒருவர் படிக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். நான் கை நீட்டினேன்.

“நான் படிக்கட்டுமா?”

“வேணாம். எங்கிட்ட குடுங்க.”

அமெதேயோ தாளை வாங்கிக்கொண்டார். ஒரு மனுவைக் கொல்ல வாள் வேண்டுமா? வேண்டாம். வாய்க்குள் முனகினால் போதும். வரிகளை விழுங்கினால் போதும். எர்சிலியா பார்வையாளர் மாடத்தில் அமர்ந்து கைப்பையை இறுகப் பற்றியிருந்தார்.

அமெதேயோ எழுந்தார். தெளிவாகப் படித்தார், திருத்தமாகப் படித்தார். ‘வண்டிக்கு நிற்க வேறு இடம் கிடைக்கும், எங்களுக்குக் கூடி நிற்க வேறு இடம் இல்லை’ என்ற வரி வந்ததும் பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அவர் நிறுத்தினார். இருமல் அடங்கும்வரை காத்திருந்தார். தன் வாதத்தையே தரைமட்டமாக்கும் அந்த வரியை, எல்லோர் காதிலும் விழும்படி மறுபடியும் படித்தார்.

வாக்கெடுப்பில் திடல் பிழைத்தது. அவர் தோற்றார். நான் கலங்கினேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பதவிக்காலம் முடிந்ததும் எங்கள் மீது யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம் அல்லவா? அமெதேயோ மனைவியிடமே கேட்டிருக்கிறார். “எம்மேல ஏதும் புகார் உண்டா?”

“ஒண்ணே ஒண்ணு. அவ்வளவு அழகாப் படிக்கத் தெரிஞ்சவர், வீட்ல ஏன் வாய்க்குள்ளயே பேசுறீங்க?”

என் மக்களே, நம்மைக் காத்தது எது என்று இப்போது தெரிகிறதா? தனக்கு எதிரான சொல்லையும் தன் குரலால் உயர்த்திப் படித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே இருந்தார்கள். இருக்கிறார்கள். அதோ, பழையபடி பேருந்தைச் சாலையோரம் நிறுத்த இடமில்லாமல் திட்டிக்கொண்டே வந்து, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

அமெதேயோ, எழுந்து வாங்க. இன்னைக்கி முதல் பந்து உங்களோடது. எர்சிலியாதான் கொடுத்தனுப்பினாங்க.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. மலை நின்ற காலமெல்லாம் நம் குடியரசும் நிற்கட்டும். வணக்கம்.